முதல் காட்சி ஊருக்குத்தான்

ஜவ்வாது மலையில் மாலைநேர வகுப்பு நடத்தும் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: “ஊர்ப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் குறும்படப் பட்டறை வைக்க இரண்டு லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறோம். நல்ல கேமரா ஒன்று வாங்கி, சென்னையிலிருந்து சினிமாவில் வேலை செய்யும் இருவரைக் கூப்பிடலாம் என்று யோசனை. இதனால் ஊருக்கு உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா? எப்படி நடத்தினால் உருப்படியாக இருக்கும்?”

பயன் உண்டு. பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் பெரும்பகுதியை மாற்றச் சொல்வேன். ஏன் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

வேதாரண்யம் பக்கம் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் பட்டறை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், தன் அம்மா உப்பு வாருவதைப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். வெடித்த குதிகால், வெடிப்பில் ஒட்டியிருக்கும் உப்பு, பாத்தித் தண்ணீரில் ஆடும் நிழல். குளோசப் என்றால் என்ன என்று அன்று காலையில்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம். பயிற்சியாளர்கள் நாங்கள் மூன்று பேரும் பூரித்துப்போனோம். ராத்திரி தெருவில் வேட்டியைத் திரையாகக் கட்டி அதைப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் அந்த அம்மா எழுந்து மகளைப் பார்த்துக் கேட்டார்: “காலை மட்டும் எடுத்திருக்கியே, என் மூஞ்சி எங்கடி? இது யாரு காலுன்னு பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

கேள்வி மகளிடம் கேட்கப்பட்டாலும் அது எங்களுக்கானது. உழைக்கிறவரின் வெடித்த காலைப் பார்த்ததும் ‘நல்ல ஷாட்’ என்று நினைக்கும் கண் எங்களுடையது. அந்தக் கண்ணைத்தான் ஒரே காலையில் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டிருந்தோம். மறுநாள் அவள் அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்து, முகத்துக்கு நேராக எடுத்தாள். அம்மா உப்பு வாரும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த வயதில் பாத்தியில் இறங்கினார், மழை பெய்து வேலை நின்றுபோகும் மாதங்களில் குடும்பம் எப்படி ஓடும் என்று ஆறு நிமிடம் பேசினார். ஒரு இடத்திலும் வெட்டாமல் அப்படியே போட்டோம். ஊர் மொத்தமும் சத்தமில்லாமல் பார்த்தது.

எந்த உயரத்தில் கேமராவை வைப்பது என்ற கேள்விக்கு நம் பக்கத்து மாநிலத்துப் பெண்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் பஸ்தாபூர் என்ற கிராமம். அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பு, சிறுதானியம் பயிரிடும் தலித் பெண்களின் சங்கங்களோடு வேலை செய்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பி.வி. சதீஷ், தூர்தர்ஷனில் தயாரிப்பாளராக இருந்தவர். 1990களின் நடுவில் சங்கப் பெண்கள் சிலருக்கு வீடியோ பயிற்சி தொடங்கியது. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பகலில் வயல் வேலை உண்டு. அதனால் இடைவெளி விட்டு விட்டு, மாதக்கணக்கில் பயிற்சி நடந்தது.

அந்தப் பெண்கள் லோ ஆங்கிள், ஹை ஆங்கிள் என்ற சொற்களை மனப்பாடம் செய்யவில்லை. மேலிருந்து கீழே பார்க்கும் ஷாட்டுக்கு ‘பட்டேல் ஷாட்’ என்று பெயர் வைத்தார்கள். நிலக்கிழார் தங்களை அப்படித்தானே பார்க்கிறார்! கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது ‘அடிமை ஷாட்’. கண்ணுக்குக் கண் நேராக வைத்து எடுப்பது ‘சங்கம் ஷாட்’, ஏனென்றால் சங்கத்தில் எல்லோரும் தரையில் சமமாக உட்காருகிறார்கள். எத்தனையோ திரைப்படப் பாடப்புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். ஒளிப்பதிவின் அரசியலை மூன்றே சொல்லில் இவ்வளவு துல்லியமாகச் சொன்ன ஒன்றை நான் பார்த்ததில்லை. இதை எந்தப் பயிற்சியாளரும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. வாழ்நாள் முழுக்க ஒருவரை அண்ணாந்து பார்த்து நின்றவர்களுக்கு மட்டுமே அகப்படும் அறிவு அது.

அவர்கள் பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. 2002-இல் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு, அதாவது மரபணு மாற்றிய பருத்திக்கு, அனுமதி கிடைத்தது. இந்தப் பெண்கள் வாரங்கல் பகுதிக்கு மாதாமாதம் போய், அதைப் பயிரிட்ட விவசாயிகளை ஒரு சாகுபடிக் காலம் முழுக்கப் படம் பிடித்தார்கள். விதைக்கும்போது இருந்த நம்பிக்கை, செலவுக் கணக்கு, கடைசியில் வந்த ஏமாற்றம் எல்லாம் அதே விவசாயிகளின் வாயால் பதிவானது. வெளியூரிலிருந்து போகிற ஆவணப்படக் குழு இதைச் செய்வது கடினம். அதற்குத் தேவையானது திரும்பத் திரும்பப் போவதற்கான பொறுமையும், பயிரைப் பார்த்ததும் அதன் நிலைமை புரிகிற அறிவும். இரண்டும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. பட்டறை கேமராவை மட்டும்தான் புதிதாகக் கொடுத்தது. 2008 அக்டோபரில் அதே பெண்களின் கூட்டம் சங்கம் ரேடியோ என்ற சமூக வானொலியையும் தொடங்கியது.

இனி உங்கள் மலைக்கு வருகிறேன். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, 20 பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் உங்கள் மலையையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். அந்த வாரம் முழுக்க டிவி கேமராக்கள் மலையேறி வந்து, அழுகிற பெண்களின் முகத்துக்கு முன்னால் நின்றதை ஊர் மறந்திருக்காது. உங்கள் மக்களுக்குக் கேமரா என்றால் என்ன என்று பட்டறைக்கு முன்பே தெரியும். செத்தவர் வீட்டுக்கு வந்து, எடுத்துக்கொண்டு போய், திரும்ப வராத ஒரு பொருள் அது. அதே பொருளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கப் போகிறீர்கள். எடுத்தது முதலில் ஊருக்கே திரும்பி வரும் என்பதை நீங்கள் செய்து காட்டினால்தான் நம்புவார்கள், வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள்.

திரும்பக் கொண்டுவந்து காட்டுவதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். இந்தத் துறையில் உள்ள மூத்த அனுபவம் ஒன்றைப் பாருங்கள். 1967. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் ஃபோகோ என்றொரு தீவு. பத்துச் சிற்றூர்கள், சுமார் 5,000 பேர், மீன்பிடிதான் பிழைப்பு. மீன் தொழில் நொடித்துப்போய், பாதிக்கு மேற்பட்டவர்கள் அரசின் உதவித் தொகையில் காலம் தள்ளினார்கள். இவ்வளவு சிறிய ஊர்களுக்கு வசதி செய்துகொடுப்பது கட்டுப்படியாகாது, மக்களை வேறு இடத்தில் குடியேற்றிவிடலாம் என்பது அரசின் போக்கு. ஊர்களுக்குள்ளும் மதத்தாலும் தூரத்தாலும் பிளவு. அங்கே கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து காலின் லோ என்ற இயக்குநர் போனார். மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணித் துறையை நடத்திய டொனால்ட் ஸ்னோடன் கூட நின்றார். தீவு மக்களோடு ஏற்கெனவே பழகியிருந்த உள்ளூர்க் களப்பணியாளர் ஒருவரும் இருந்தார்.

வழக்கமாக என்ன செய்வார்கள்? ஆதரவாகப் பேசுகிறவரை ஒரு துண்டு, எதிர்த்துப் பேசுகிறவரை ஒரு துண்டு என்று மாற்றி மாற்றி ஒட்டி ஒரே படமாக்குவார்கள். பார்க்கச் சுவாரசியமாக இருக்கும். ஆனால் அப்படி ஒட்டினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் திரையில் சண்டை போடுவது போலாகிவிடும் என்று லோ கண்டுகொண்டார். அதனால் ஒருவர் பேசுவது ஒரு படம், ஒரு நிகழ்ச்சி ஒரு படம் என்று 25-க்கும் மேற்பட்ட சிறு படங்களாகப் பிரித்தார். பேசியவர் முதலில் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அது அடுத்தவருக்குப் போனது. ஊர் ஊராகத் திரையிட்டார்கள். கடற்கரையில் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாதவர்கள், அடுத்த ஊர்க்காரரும் தன் கவலையையேதான் சொல்கிறார் என்று திரையில் பார்த்தார்கள். பிறகு படங்கள் மாகாண அரசிடம் போயின. மீன்வளத் துறை அமைச்சரின் பதிலைப் படம் எடுத்து அதையும் தீவுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். தீவு காலியாகவில்லை. படகு கட்டவும் மீனைப் பதப்படுத்தி விற்கவும் மக்களே ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். அது இன்றும் நடக்கிறது.

இதை எல்லாம் படங்களே சாதித்தன என்று சொன்னால் அது பொய். கூட்டுறவுக்கான பேச்சு அதற்கு முன்பே தீவில் இருந்தது. படங்கள் செய்தது, அந்தப் பேச்சைப் பத்து ஊருக்கும் பொதுவாக்கியது. உங்கள் பட்டறையிடமும் இந்த அளவுதான் எதிர்பார்க்க வேண்டும். ஊரில் ஏற்கெனவே முணுமுணுப்பாக இருக்கும் ஒன்றைப் பொதுவில் பேச வைக்க முடியும். இல்லாத ஒன்றைப் படத்தால் உண்டாக்க முடியாது.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதலில் கேமரா. வாங்காதீர்கள். ஒரே ஒரு விலையுயர்ந்த கேமரா இருந்தால் அது வேகமான ஒரு பையன் கையில்தான் ஐந்து நாளும் இருக்கும். மற்றவர்கள் குடை பிடிப்பார்கள். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பெண்பிள்ளைகளிடம் யாரும் கொடுக்கமாட்டார்கள். இதை நான் எண்ண முடியாத அளவுக்குப் பார்த்துவிட்டேன். அதற்குப் பதில் நடுத்தர விலையில் நான்கைந்து ஃபோன்கள் வாங்குங்கள். கூடவே ஒவ்வொன்றுக்கும் சட்டையில் குத்தும் ஒயர் மைக். ஊருக்குள் எடுத்த படங்களில் பாதி வீணாகப் போவது ஒலியால்தான், ஒளியால் அல்ல. மலைக்காற்று மைக்கில் அடித்தால் பேச்சு ஒன்றும் கேட்காது. மைக்கைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சோ கம்பளித் துணியோ கட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். பேசுகிறவரைக் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள்.

அப்புறம், சேமிப்பு. 1080 தரத்தில் எடுத்தால் ஃபோனைப் பொறுத்து ஒரு நிமிடத்துக்கு 60 முதல் 130 எம்பி வரை பிடிக்கும். பத்து மணி நேரம் எடுத்தால் 36 முதல் 78 ஜிபி வரை ஆகும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, தினமும் இரண்டிலும் ஏற்றுங்கள். இரண்டும் ஊரிலேயே இருக்கட்டும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஒரு காலத்தில் வேலை செய்த அமைப்பு ஒன்று, பட்டறை முடிந்ததும் “நகரத்தில் எடிட் செய்து அனுப்புகிறோம்” என்று டிஸ்க்கை எடுத்துவந்தது. படம் தயாரானது, வெளியூர் விழாக்களில் ஓடியது. ஊருக்கு மட்டும் போகவில்லை. அதில் ஒரு பெண் தன் வீட்டு நிலைமையை மனம்விட்டுப் பேசியிருந்தார். அது யாரோ ஒருவரின் ஃபோன் வழியாக அவருடைய உறவுக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, “எங்ககிட்டே காட்டாம ஊரெல்லாம் காட்டியிருக்கீங்களே தம்பி” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு ஒரு வழக்கத்தை நான் விட்டதில்லை. சம்மதம் இரண்டு முறை கேட்க வேண்டும். எடுப்பதற்கு முன் ஒரு முறை. வெட்டி முடித்த படத்தை அவரிடம் போட்டுக் காட்டி இன்னொரு முறை. இரண்டாவது தடவை வேண்டாம் என்றால், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் நீக்கிவிட வேண்டும். இறந்தவர்களின் படம், குரல் என்று வந்தால் இன்னும் நிதானம் வேண்டும். உங்கள் மலையில் அந்த வழக்கம் எப்படி என்று பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடிட்டிங்குக்குப் பெரிய கணினி வேண்டாம். ஃபோனிலேயே வெட்டி ஒட்டலாம். லேப்டாப் இருந்தால் கிடென்லைவ், ஷாட்கட் மாதிரி இலவச மென்பொருள் போதும். மிச்சப் பணத்தில் ஒரு புரொஜெக்டரும் நல்ல ஸ்பீக்கரும் வாங்குங்கள். கேமராவை விட எனக்கு இவை முக்கியம்.

இரண்டாவது, நாள் கணக்கு. ஐந்து நாளை ஒரே மூச்சில் நடத்தாதீர்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பூர்வகுடி ஊர்களில் 2004 முதல் வாப்பிகோனி மொபீல் என்ற இயக்கம் வண்டியையே ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்டு போகிறது. திரைப்பட இயக்குநர் மனோன் பார்போ, அட்டிகமெக் மக்களோடு சேர்ந்து தொடங்கியது. விபத்தில் இறந்துபோன ஓர் இளம் பெண்ணின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அந்த வண்டி ஓர் ஊரில் நான்கைந்து வாரம் நிற்கும். கடைசியில் ஊருக்குத் திரையிட்டுவிட்டுத்தான் கிளம்பும். உங்களால் ஒரு மாதம் நடத்த முடியாது, புரிகிறது. ஆனால் மூன்று நாள் நடத்திவிட்டு ஒரு மாதம் விடுங்கள். அந்த மாதத்தில் ஃபோன்கள் ஊரில் இருக்கட்டும். பிறகு மறுபடி மூன்று நாள். அப்புறம் இன்னொரு இடைவெளி, கடைசியாக இரண்டு நாள். முதல் மூன்று நாளில் எடுப்பதெல்லாம் டிவியில் பார்த்ததன் நகலாகத்தான் இருக்கும். காதல் தோல்வி, குடிகார அப்பா, கடைசியில் ஒரு மரணம். அதைத் தடுக்காதீர்கள், கிண்டலும் செய்யாதீர்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த சினிமா அதுதான். இடைவெளியில் யாரும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு வருவதில்தான் அவர்களுடைய படம் இருக்கும். தேனெடுக்கப் போகும் மாமா, பஸ் வராத நாளில் நடந்தே பள்ளிக்குப் போகும் பாதை, சாமை குத்தும் பாட்டி.

மூன்றாவது, சென்னையிலிருந்து வருகிறவர்கள். வரட்டும், தொழில் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும். ஆனால் படப்பிடிப்புக்குப் பிள்ளைகளோடு அவர்கள் போகக் கூடாது. பிரேசிலில் ‘விடியோ நாஸ் அல்டெயாஸ்’, அதாவது கிராமங்களில் வீடியோ, என்ற இயக்கம் பழங்குடி மக்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது கடைப்பிடித்த முறை இது. மாணவர்கள் பகலில் தனியாகப் போய் எடுப்பார்கள். மாலையில் அன்று எடுத்ததை எல்லோரும் சேர்ந்து பார்த்துப் பேசுவார்கள். பயிற்சியாளருக்கு வேலையே மாலையில்தான். பக்கத்தில் நின்று “கொஞ்சம் இடது பக்கம் வை” என்று சொன்னால் படம் அவருடையதாகிவிடும்.

அந்த இயக்கம் பிறந்ததே ஒரு திரையிடலில்தான். 1980களின் பிற்பாதியில் வின்சென்ட் கரெலி என்பவர் நம்பிக்வாரா பழங்குடி மக்களின் பூப்புச் சடங்கை வீடியோவில் எடுத்து, அங்கேயே அவர்களுக்குப் போட்டுக் காட்டினார். பார்த்தவர்களுக்குத் திருப்தியில்லை. சடங்கில் இவ்வளவு துணி உடுத்தியிருக்கிறோமே என்று குறைப்பட்டு, முறைப்படி உடலில் வண்ணம் பூசி மறுபடி நடத்தி, மறுபடி எடுக்கச் சொன்னார்கள். அதோடு விடாமல், ஆண்பிள்ளைகளுக்கு மூக்கும் உதடும் குத்தும் சடங்கு ஒன்று இருபது ஆண்டுகளாக நின்றுபோயிருந்தது, அதையும் எடுத்து நடத்தினார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது சடங்கு திரும்பி வந்தது மட்டுமல்ல. படம் பிடிக்கப்பட்டவர்கள் படத்தைப் பார்த்து, “இது சரியில்லை, திரும்ப எடு” என்று சொன்னார்களே, அது. உப்பளத்து அம்மா சொன்னதும் அதுவேதான்.

யாரைச் சேர்ப்பது? பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்களையும் சேருங்கள், முப்பது நாற்பது வயதுக்காரர்களை. அகமதாபாத்தில் சேவா பெண்கள் சங்கம் 1984-லேயே காய்கறி விற்கிறவர்களுக்கும் கூலி வேலை செய்கிறவர்களுக்கும் வீடியோ கற்றுக்கொடுத்துப் படம் எடுக்க வைத்திருக்கிறது. அன்றைய கருவிகள் இன்றைய ஃபோனை விடப் பல மடங்கு சிக்கலானவை. பெண்கள் வர வேண்டுமென்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அன்றைய கூலியைக் கொடுங்கள். பட்டறைக்கு வருவதால் ஒரு நாள் வருமானம் போகும், அதைச் சமாளிக்க முடிந்தவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்றால், உங்கள் ஊரில் இருப்பவர்களிலேயே வசதியானவர்களுக்குத்தான் பட்டறை நடத்துகிறீர்கள் என்று அர்த்தம். இன்னொன்று, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் இதற்கெல்லாம் தாராளமாக இடம் இருக்கும்.

பிள்ளைகளின் அப்பா அம்மா, “இதைப் படிச்சா சினிமாவுல வேலை கிடைக்குமா?” என்று நிச்சயம் கேட்பார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காது என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். கல்யாண வீடியோ, எடிட்டிங் என்று ஓரிருவர் பிழைப்பைத் தேடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதை ஆசை காட்டி ஆள் சேர்க்காதீர்கள்.

பட்டறை முடிந்த பிறகு ஃபோன்களை நூலகப் புத்தகம் மாதிரி ஆக்குங்கள். ஒரு நோட்டில் பெயர் எழுதி யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம், மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும். நோட்டைப் பார்த்துக்கொள்ள பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தியிடம் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் அந்த ஏற்பாடு நீடித்த இடங்களில்தான் படங்களும் தொடர்ந்து வந்தன. ஃபோன் ரிப்பேர், சார்ஜர், கேபிள் என்று வருடத்துக்கு ஒரு சிறு தொகையை இப்போதே தனியாக எடுத்துவையுங்கள். பெரும்பாலான பட்டறைகள் முடிவுக்கு வருவது ஆர்வம் குறைந்ததால் அல்ல, அறுந்துபோன ஒரு கேபிளை மாற்ற ஆளில்லாமல்தான்.

மாதம் ஒரு ராத்திரி திரையிடல் வையுங்கள். பௌர்ணமியை ஒட்டி வேண்டாம், நிலா வெளிச்சத்தில் திரை மங்கும். படம் முடிந்ததும் உடனே விளக்கைப் போட்டுக் கலைத்துவிடாமல் கால் மணி நேரம் பேச விடுங்கள். முதல் ஐந்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அந்த மௌனத்துக்குப் பயந்து நீங்கள் பேச ஆரம்பித்துவிடாதீர்கள்.

சாமை அறுவடை முடிந்து கை ஓய்ந்ததும் முதல் மூன்று நாளை வைத்துக்கொள்ளலாம். தேதியை ஊர்க்காரர்களைக் கேட்டு முடிவு செய்து எனக்குச் சொல்லுங்கள், வருகிறேன். முதல் தடவைக்கு என்னிடம் உள்ள புரொஜெக்டரே போதும், கொண்டுவருகிறேன். திரைக்கு எட்டு முழ வெள்ளை வேட்டி ஒன்றை மட்டும் ஊரில் யாரிடமாவது கேட்டு வாங்கி வையுங்கள்.